வீட்டில ஸ்கீயே தெரியாதவருக்காக: குடும்பமா சுவிஸ் மலைக்குப் போக ஒரு முழு வழிகாட்டி

சுவிஸில இருக்கிற எங்கட சனத்தின்ர வீடுகளில பெரும்பாலும் நடக்கிறது இதுதான். பிள்ளை பள்ளிக்கூடத்தால ஸ்கீலாகர் எண்டுற ஸ்கீ முகாமுக்குப் போய் அஞ்சு நாளில பழகிக்கொண்டு வந்திடும், தாய் தேப்பன் இருவது வருஷமா இந்த நாட்டில இருந்தும் ஒருக்காக்கூட ஸ்கீயில கால் வைச்சிருக்க மாட்டினம். குடும்பமா மலைக்குப் போனாலும் பிள்ளையள் மேல, இவை கீழ தெர்மோஸோட நிண்டு போட்டோ எடுக்கிறது. ஒரு கிழமைக்கு அவ்வளவு காசக் கொட்டிப்போட்டு அரைவாசிக் குடும்பம் வாங்கில குந்தியிருக்கிறதில என்ன இருக்கு? அதால நான் சொல்லுற முறை கொஞ்சம் தலைகீழானது. வீட்டில ஆருக்கு ஒண்டுமே தெரியாதோ, ஆர் கூடப் பயப்படுகினமோ, அவருக்கு ஏத்தமாதிரி இடத்தையும் நாளையும் பிடியுங்கோ, தெரிஞ்ச பிள்ளையள் எங்க விட்டாலும் சமாளிப்பினம்.

படி 1: ஆர் ஆர் போறியள் எண்டு எழுதுங்கோ

ஒரு பேப்பரில எல்லாற்ற பேரையும் எழுதி, வயசு, ஸ்கீ எவ்வளவு தெரியும், உடம்பில என்ன வருத்தம் எண்டு பக்கத்தில போடுங்கோ, சிரிக்காதேங்கோ, மிச்சம் எல்லாம் இதில இருந்துதான் வரும்.

ஸ்கீ ஸ்கூலுகள் பெரும்பாலும் நாலு வயசு தொடக்கம் பிள்ளையள எடுப்பினம். மூண்டு வயசில எடுக்கிற இடங்களும் இருக்கு, ஆனா அந்த வயசுக்கு அரைநாளே கூட, ஒரு மணித்தியாலத்தில குளிருது பசிக்குது ஒண்டுக்கு வருது எண்டு நிக்கும். பெரியாக்களுக்கு வயசு பிரச்சினை இல்ல, நாப்பத்தஞ்சிலயும் ஐம்பதிலயும் தொடங்குறவை இருக்கினம், முழங்கால்தான் பிரச்சினை. முந்தி முழங்கால் சவ்வு கிழிஞ்சவை, ஒப்பரேசன் செய்தவை டொக்டரக் கேக்காமல் ஏறாதேங்கோ.

எங்கட ஆக்களில சீனி வருத்தம் கனபேருக்கு இருக்கிறபடியா இதையும் சொல்லோணும். இன்சுலின் உறைஞ்சா பழுது, அதால முதுகுப் பைக்குள்ள வைக்காமல் ஜக்கெற்றுக்கு உள்பக்கம் உடம்போட ஒட்டி வையுங்கோ. சீனி பாக்கிற மெசினும் குளிரில ஒழுங்கா வேலை செய்யாது. ஸ்கீ ஓடேக்க சீனி சடாரெண்டு இறங்கும், பொக்கெற்றில குளுக்கோஸோ ஒரு சொக்லேற்றோ கட்டாயம் இருக்கட்டும்.

அம்மம்மா அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போறியள் எண்டால் பயப்படாதேங்கோ, அவைக்கும் வேலை இருக்கு, பிறகு சொல்லுறன்.

படி 2: இடம் பிடிக்கிறது

பேரப் பாத்து இடம் பிடிக்காதேங்கோ. செர்மாற், சென் மோறிட்ஸ் எல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனா 200 கிலோமீற்றர் ஸ்கீப் பாதை இருந்தென்ன, புதுசாப் பழகிற ஆள் முதல் மூண்டு நாளும் ஓடப்போறது 100 மீற்றர் நீளமான சாய்வு ஒண்டில. நீங்கள் பாக்கவேண்டியது மூண்டு விசயம். பழகுற இடம் தட்டையா, வெயில் படுற மாதிரி இருக்கா. அங்க கொன்வேயர் பெல்ற் மாதிரி நிலத்தோட ஓடுற லிஃப்ற் இருக்கா, அதை இஞ்ச சௌபர்தெப்பிச் எண்டு சொல்லுவினம். ஆரும் களைச்சால் பத்து நிமிசத்தில ரூமுக்குத் திரும்பலாமா.

ஒரு நாளும் போகாத குடும்பம் எண்டால் முதல்ல வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன இடத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கோ. சூரிச் பக்கம் இருக்கிறவைக்கு ஹோக்-ஈப்ரிக், ஃப்ளும்சர்பெர்க், லுட்சேர்ன் பக்கம் சோறன்பெர்க். அங்க பிடிச்சுதெண்டால் பிறகு ஒரு கிழமைக்கு யோசியுங்கோ, பிடிக்காட்டி நட்டம் ஒரு நாள் காசுதான்.

கிழமைக்கு நான் உதாரணமா எடுக்கிறது கிறின்டல்வால்ட். பேர்ன் மலைப்பக்கம், 1034 மீற்றர் உயரம், ஐகர் மலை நேர முன்னால நிக்கும். ஏன் இந்த இடம் எண்டால், ஊருக்கு மேல போட்மி எண்ட இடத்தில புது ஆக்களுக்கெண்டே பழகுற திடல் இருக்கு, பெல்ற்றும் இருக்கு, பிள்ளையளுக்கான ஸ்கூலும் அங்கதான். ரெண்டு மூண்டு நாளில கொஞ்சம் வந்திட்டுதெண்டால் மென்லிகன் பக்கம் அகலமான சாய்வுகள் இருக்கு. ஏற்கனவே ஓடத்தெரிஞ்ச பதினாறு வயசுக்காரருக்கு கிளைன ஷைடெக், லௌபர்ஹோர்ன், ஃபேர்ஸ்ற் எண்டு காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் ஓட இடம் இருக்கு. அவையும் முறைப்படாயினம், நீங்களும் தப்புவீங்கள்.

கார் சத்தமே இல்லாத ஊர் வேணுமெண்டால் பக்கத்தில வெங்கன் இருக்கு, அங்க கார் போகேலாது, லௌற்றர்புறுனன்ல இருந்து றெயின்தான். சின்னப் பிள்ளையள் உள்ள குடும்பத்துக்கு அது சொர்க்கம், ஆனா சாமான் சட்டி முழுக்க றெயினில ஏத்தி இறக்கோணும் எண்டத மறக்காதேங்கோ.

படி 3: எப்ப போறது

விலையும் சனமும் உச்சத்தில நிக்கிறது நத்தார்ல இருந்து புதுவருசம் வரைக்கும், பிறகு பள்ளிக்கூடங்களுக்கு விடுற பெப்ரவரி ஸ்போர்ட் லீவு. இந்த லீவு ஒவ்வொரு கன்ரோனுக்கும் (மாநிலத்துக்கும்) வேற வேற கிழமை, அதால உங்கட கன்ரோனுக்கு லீவு விடேக்க வேற எந்தப் பெரிய கன்ரோனுக்கும் லீவு எண்டு ஒருக்காப் பாத்திட்டு நாள் போடுங்கோ. ஜெர்மனி, ஒல்லாந்து, இங்கிலாந்துச் சனமும் அதே மாசத்தில வரும்.

ஜனவரி நடுப்பகுதி மலிவு, சனம் குறைவு, ஆனா சரியான குளிர், பொழுதும் கெதியாப் பட்டிடும். கிறின்டல்வால்ட், வெங்கன் போறவை இன்னொண்டு பாக்கோணும், ஜனவரி நடுவில வெங்கனில லௌபர்ஹோர்ன் போட்டி நடக்கும். 1930ல தொடங்கினது, உலகக் கோப்பை டவுன்ஹில் போட்டிகளிலயே நீளமான பாதை, கிட்டத்தட்ட நாலரைக் கிலோமீற்றர். பாக்கிறதுக்கு அருமை, ஆனா அந்த வார இறுதியில ரூம் தேடுறது வீண் வேலை.

பழகப் போறவைக்கு என்ர வோட்டு மார்ச் மாசத்துக்குத்தான். வெயில் நிக்கும், பகல் நீளம், விலையும் இறங்கியிருக்கும், விழுந்தாலும் கை கால் விறைக்காது. ஆனா மார்ச்சில உயரம் குறைஞ்ச இடங்களில மத்தியானத்துக்குப் பிறகு ஸ்னோ கஞ்சி மாதிரி ஆகிடும், அதால காலமையே ஓடி முடிக்கோணும். பள்ளிக்கூடம் இருக்கே எண்டு கேப்பியள். சூரிச் பக்கம் ஜோக்கர் நாள் எண்டு வருசத்துக்கு ரெண்டு நாள் காரணம் சொல்லாமல் லீவு எடுக்கலாம், வெள்ளியும் திங்களும் போட்டால் வார இறுதியோட சேத்து நாலு நாள் வரும்.

படி 4: ரூமும் காசும்

ஹொட்டலை விட ஃபேரியன்வோனுங் எண்டுற சமையலறை உள்ள லீவு வீடுதான் எங்களுக்குச் சரி. பெரும்பாலும் சனிக்கிழமையில இருந்து சனிக்கிழமை வரைக்கும்தான் குடுப்பினம். விளம்பரத்தில நிக்கிற விலையோட கடைசிக் கிளீனிங் காசு, ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவெண்டு ஊர் வரி, சில இடத்தில படுக்கை விரிப்புக் காசு எல்லாம் சேரும், கூட்டிப் பாத்திட்டு மற்ற வீட்டோட ஒப்பிடுங்கோ. சமைக்கலாம், ஆனா முதல்நாளே மீன் பொரிச்சு திரைச்சீலை முழுக்க மணக்க விடாதேங்கோ, ஸ்கீ ஜக்கெற்றிலயும் அந்த மணம் பிடிக்கும், அடுத்தநாள் லிஃப்ற்றில நாலு பேரோட அடைபட்டு இருக்கேக்க தெரியும். கறியை வீட்டில வைச்சு உறைய விட்டுக் கொண்டுபோறது எல்லாத்துக்கும் சுகம்.

கையில காசு குறைவெண்டால் ரெக்கா எண்ட அமைப்பத் தேடிப் பாருங்கோ. 1939ல தொடங்கின கூட்டுறவுச் சங்கம், குடும்பங்களுக்கெண்டே லீவுக் கிராமங்கள் வைச்சிருக்கினம், வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு மிகக் குறைஞ்ச காசில ஒரு கிழமை குடுக்கிற திட்டமும் இருக்கு. எங்கட ஆக்களில கனபேருக்கு இது தெரியாது, தெரிஞ்சாலும் கேக்க வெக்கப்படுகினம். இதில வெக்கப்பட என்ன கிடக்கு, அது அதுக்கெண்டே இருக்கிற திட்டம்.

லிஃப்ற் ரிக்கெற் பெரிய இடங்களில பெரியாளுக்கு ஒரு நாளைக்கு 80 பிராங் அங்கால இஞ்சால நிக்கும். கனக்க இடங்களில இப்ப விலை பிளேன் ரிக்கெற் மாதிரி நாளுக்கு நாள் மாறுது, முந்தி எடுத்தா மலிவு. ஆனா முதல் மூண்டு நாளும் பழகப் போற ஆளுக்கு முழுப் பாஸ் எடுக்காதேங்கோ! பழகுற லிஃப்றுகளுக்கு மட்டும் தனி ரிக்கெற் குடுக்கிற இடங்கள் நிறைய, அதுதான் வேணுமெண்டு கவுண்டரில கேளுங்கோ. குடும்பத்துக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பாஸ் எடுக்கிறதுதான் பெரிய காசு விரயம்.

ஸ்கீ ஸ்கூல் காசில மட்டும் மிச்சம் பிடிக்காதேங்கோ. "மகன் பழக்குவான்" எண்டு தேப்பன்மார் சொல்லுவினம், ரெண்டாம் மணித்தியாலம் தேப்பனும் மகனும் கதைக்க மாட்டினம்.

படி 5: உடுப்பு

மூண்டு அடுக்கு. உடம்போட ஒட்டி மெரினோ கம்பளியோ சிந்தெற்றிக்கோ மெல்லிய உள்ளுடுப்பு, அதுக்கு மேல ஃபிளீஸ், அதுக்கு மேல காத்தும் தண்ணியும் உள்ள போகாத ஜக்கெற்றும் கால்சட்டையும். பருத்தி மட்டும் வேண்டாம், பருத்தி ரீ-சேட் வேர்வையக் குடிச்சு வைச்சிருந்து லிஃப்ற்றில நிக்கேக்க ஐஸா மாறும். ஜீன்ஸ் போட்டு ஸ்கீக்கு வாறவைய இப்பவும் காணலாம், அரை மணித்தியாலத்தில முழங்காலுக்குக் கீழ முழுக்க நனைஞ்சிருக்கும்.

சொக்ஸில எங்கட ஆக்கள் எல்லாரும் பிழைவிடுவினம், குளிருமெண்டு ரெண்டு மூண்டு சோடி போடுறது. ஒரு சோடிதான் போடோணும், முழங்காலுக்குக் கிட்ட வரைக்கும் நீளமான மெல்லிய ஸ்கீ சொக்ஸ். ரெண்டு போட்டால் மடிப்பு விழுந்து காலை வெட்டும், இறுக்கத்தில ரத்தம் ஓடாமல் இன்னும் கூடக் குளிரும். உள்ளுடுப்புக் கால்சட்டையின்ர நுனியையும் சப்பாத்துக்குள்ள விடாதேங்கோ, சப்பாத்துக்கு மேலயே நிக்கட்டும்.

பொம்பிளையளுக்கு ரெண்டு விசயம். ஹெல்மெற்றுக்குள்ள கொண்டை போகாது, கழுத்துக்குக் கிட்டப் பதிவா ஒரு பின்னல் போடுங்கோ, பெரிய தோடு எண்டால் காது மடிப்பு அமத்தி நோகும். தாலிக்கொடியக் கழட்டி வீட்டில வைக்கிறது நல்லம், கழட்ட விருப்பமில்லாட்டி உள்ளுடுப்புக்கு உள்ளால விட்டு மேல ஒண்டும் தொங்காமல் பாருங்கோ. சால்வையும் மஃப்ளரும் வேண்டாம், கழுத்துக்கு மாட்டுற ரியூப் மாதிரித் துணி இருக்கு, லிஃப்ற்றில நீளத்துணி எங்கயும் கொழுவினால் ஆபத்து.

கையுறை விரல் சேந்த மிற்றன் எண்டால் பிள்ளையளுக்குச் சூடு, ஒரு சோடி மேலதிகமாவும் கொண்டுபோங்கோ. கண்ணாடி போடுறவைக்குக் கண்ணாடிக்கு மேல மாட்டுற கொகிள்ஸ் இருக்கு. அப்புறம் சன் கிறீம். நாங்கள் கறுப்புத்தானே எங்களுக்கு என்னத்துக்கு எண்டு நினைக்காதேங்கோ. 1000 மீற்றர் உயர உயர UV கதிர் பத்து வீதமளவு கூடும், புது ஸ்னோ அந்த வெயிலில 80 வீதம் வரைக்கும் திருப்பிக் கீழ இருந்து அடிக்கும். மூக்குக்குக் கீழ, நாடிக்குக் கீழ, காதில எல்லாம் பூசோணும், உதட்டுக்கும்.

ஜக்கெற்றும் கால்சட்டையும் முதல் முறை ஆரிட்டயும் இரவல் வாங்குங்கோ. வெட்டி பந்தா காட்டுற இடமில்ல மலை.

படி 6: ஸ்கீ வாடகைக்கு எடுக்கிறது

வாங்காதேங்கோ, வாடகைதான். பிள்ளையளுக்கு முழு சீசனுக்கும் வாடகைக்குக் குடுக்கிற கடைகள் எல்லா ஊரிலயும் இருக்கு, சீசனில மூண்டு நாலு முறை போறியள் எண்டால் அது லாபம். ஊரிலயே எடுத்தால் வீட்டில ஆறுதலாப் போட்டுப் பாக்கலாம், மலையில எடுத்தால் பிடிக்காட்டி உடன மாத்தலாம். பழகிற பெரியாள் மலையிலயே எடுக்கிறது நல்லம், ஏனெண்டால் சப்பாத்து ரெண்டாம்நாள்தான் தன்ர குணத்தக் காட்டும்.

சப்பாத்து பாக்கிற முறை: காலை விட்டு நிமிந்து நிக்கேக்க பெருவிரல் முன்னால தொட்டும் தொடாமலும் இருக்கோணும், முழங்காலை மடிச்சு முன்னால சாயேக்க விரல் பின்னுக்கு வந்து விடுபடோணும், குதி மேல எழும்பக்கூடாது. அம்மிக்கல்லுக்குள்ள காலை விட்ட மாதிரித்தான் இருக்கும், அது வழமை, ஆனா ஒரு இடத்தில மட்டும் குத்தி நொந்தால் வழமையில்ல, மாத்துங்கோ. குடும்பத்தில சின்னப் பிள்ளைக்கு அடுத்த வருசமும் உதவும் எண்டு ஒரு சைஸ் பெருசா எடுக்கிற பழக்கத்த இதில காட்டக்கூடாது, காலும் ஆடும் ஸ்கீயும் கேளாது.

ஸ்கீயின்ர நீளம் புது ஆளுக்கு நாடி மட்டில நிண்டால் போதும், பிள்ளையளுக்கு நெஞ்சுக்கும் நாடிக்கும் இடையில. சின்னப் பிள்ளையளுக்கு முதல்ல தடி தேவையில்ல. பைன்டிங் எண்டு சப்பாத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற பூட்டு ஒண்டு இருக்கு, விழேக்க அது சரியான நேரத்தில கழண்டால்தான் முழங்கால் தப்பும். அதை உங்கட நிறை, உயரம், வயசு, சப்பாத்தின்ர அடி நீளம், எவ்வளவு ஓடுவியள் எண்டத வைச்சுத்தான் கடையில செற் பண்ணுவினம். அதால நிறை எவ்வளவெண்டு கேக்கேக்க வெக்கத்தில அஞ்சு கிலோ குறைச்சுச் சொல்லாதேங்கோ, எனக்குக் கொஞ்சம் தெரியும் எண்டும் புளுகாதேங்கோ. சினேகிதரின்ர ஸ்கீய இரவல் வாங்குறவை கடையில குடுத்து பைன்டிங்கத் திருப்பி செற் பண்ணாமல் ஓடவே கூடாது.

ஹெல்மெற் சுவிஸில சட்டமில்ல, ஆனா போடாத ஆளக் காண்பது குறைவு. அங்கால இத்தாலிப் பக்கம் இறங்கி ஓடுறவைக்கு 2025 நவம்பரில இருந்து எல்லா வயசுக்கும் கட்டாயம், மூண்டாம் ஆளுக்கான காப்புறுதியும் அங்க கட்டாயம்.

படி 7: காப்புறுதி, வெளிக்கிட முதல் பாக்கவேண்டியது

இது சலிப்பான பகுதி, ஆனா வாசியுங்கோ. கிழமைக்கு எட்டு மணித்தியாலமோ அதுக்கு மேலயோ ஒரே முதலாளிட்ட வேலை செய்யிற ஆளுக்கு வேலைக்கு வெளிய நடக்கிற விபத்தும் வேலையிடத்துக் காப்புறுதியில வரும், ஸ்கீயும் அதுக்குள்ள. வீட்டில இருக்கிற அம்மா, பிள்ளையள், சொந்தமாக் கடை வைச்சிருக்கிறவை, இவைக்குக் கிறாங்கன்காச எண்டுற மருத்துவக் காப்புறுதியில விபத்துப் பகுதி சேந்திருக்கோணும். வேலை விட்டு நிக்கிறவை முக்கியமாப் பாருங்கோ, வேலை செய்யேக்க மாசக்காசு குறையட்டும் எண்டு விபத்த எடுத்துவிட்டிருப்பியள், பிறகு திருப்பிச் சேக்க மறந்திருப்பியள்.

மலையில இருந்து இறக்கிற செலவு வேற. அடிப்படைக் காப்புறுதி மீட்புச் செலவில அரைவாசிதான் குடுக்கும், அதுவும் வருசத்துக்கு 5000 பிராங் வரைக்கும். அதுக்குத்தான் கனபேர் மேலதிகக் காப்புறுதியும், றேகா எண்ட ஹெலிகொப்டர் மீட்புச் சேவைக்கு வருசச் சந்தாவும் வைச்சிருக்கினம். றேகாவின்ர நம்பர் 1414, எல்லாற்ற போனிலயும் போட்டு வையுங்கோ. நீங்கள் ஆரையும் இடிச்சுக் காயப்படுத்தினால் அதுக்கு உங்கட ஹஃப்ற்ஃப்ளிக்ற் எண்டுற, மற்றவைக்குச் செய்யிற சேதத்துக்கான காப்புறுதி வேணும். லண்டனில, கனடாவில இருந்து வாற சொந்தக்காரருக்குச் சாதாரணப் பயணக் காப்புறுதி காணாது, வின்ரர் ஸ்போர்ட்ஸ் எண்டு தனியாச் சேக்கச் சொல்லுங்கோ.

படி 8: போற வழி

றெயினில போறவை இன்ரர்லாகன் ஓஸ்ற்றில இறங்கி மலை றெயினுக்கு மாறோணும். அந்த றெயின் ஸ்வைலூற்ஷினன் எண்ட இடத்தில ரெண்டாப் பிரியும், ஒரு பாதி கிறின்டல்வால்ட்டுக்கும் மற்றப் பாதி லௌற்றர்புறுனனுக்கும் போகும். ஸ்கீயோட ஓடிவந்து கிடைச்ச பெட்டியில ஏறிக் குந்தினால் அப்பா ஒரு பள்ளத்தாக்கு பிள்ளை ஒரு பள்ளத்தாக்கு, பெட்டியில எழுதியிருக்கிறதப் பாத்து ஏறுங்கோ. ஊருக்கு முதல் ஸ்ரேசன் கிறின்டல்வால்ட் டேர்மினல், அங்க இருந்துதான் மென்லிகனுக்குக் கேபிளும், ஐகர்கிளெச்சர் எண்ட மலை ஸ்ரேசனுக்கு 15 நிமிசத்தில ஏத்துற ஐகர் எக்ஸ்பிரஸ் எண்ட கேபிளும் போகுது, அது 2020 டிசம்பரில திறந்தது. பிள்ளையளுக்கு ஜூனியர் கார்ட் எடுத்தால் தாய் தேப்பனோட வருசம் முழுக்க றெயினில சும்மா போகலாம்.

காரில எண்டால் வின்ரர் ரயர், செயின் ரெண்டும். செயின வீட்டு முற்றத்தில ஒருக்கா மாட்டிப் பழகுங்கோ, ஸ்னோ கொட்டேக்க றோட்டோரத்தில நிண்டு யூரியூப் பாக்கேலாது.

படி 9: முதல்நாள்

சனிக்கிழமை போய்ச் சேந்து பின்னேரமே ஸ்கீ எடுத்து வையுங்கோ, கிழமை வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்கள்தான் தொடங்கும், நடுவில போய்ச் சேந்தால் பிள்ளைக்குச் சரியான குறூப் கிடைக்காது. பிள்ளையள் ஸ்கீ ஸ்கூலின்ர சின்னமான வெள்ளை முயல் ஸ்னோலியோட விளையாடி விளையாடிப் பழகுவினம், அவையப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. விட்டிட்டு உடன அங்கால போங்கோ, வேலிக்கரையில நிண்டு பாத்துக்கொண்டிருந்தால்தான் பிள்ளை அழும்.

இப்ப நீங்கள். பெரியாக்களுக்கும் குறூப் வகுப்பு இருக்கு, டொய்ச்சிலயோ இங்கிலிசிலயோ கேட்டு எடுக்கலாம். கணவன் மனைவி ரெண்டுபேரும் புதுசெண்டால் சேந்து ஒரு ரெண்டு மணித்தியாலம் தனி வகுப்பு எடுத்துப்போட்டு பிறகு குறூப்புக்குப் போறது நல்ல முறை. வகுப்பில என்ன வரும் எண்டு முதலே தெரிஞ்சால் பயம் குறையும்.

முதல்ல சப்பாத்தோட மட்டும் நடக்க விடுவினம், பிறகு ஒரு காலில மட்டும் ஸ்கீ போட்டுத் தள்ளித் தள்ளி, பிறகு ரெண்டும். ஸ்கீ எப்பவும் சாய்வுக்குக் குறுக்காத்தான் நிக்கோணும், நுனி கீழ பாத்தால் தானா ஓடும். மாட்டேக்க கீழ்ப்பக்கக் கால முதல் மாட்டுங்கோ, சப்பாத்தின்ர அடியில ஒட்டியிருக்கிற ஸ்னோவத் தட்டிப்போட்டு.

பிறகு பிரேக். நுனி ரெண்டையும் கிட்ட வைச்சு பின்பக்கத்த அகட்டி ஆப்பு மாதிரி வைக்கிறது, பிள்ளையள் இதுக்குப் பீட்சா எண்டுவினம், நேர வைச்சால் பொம் ஃபிறீற், அதாவது உருளைக்கிழங்குச் சிப்ஸ். உங்கட நாலாம் வகுப்புப் பிள்ளை மலையில நிண்டு "அம்மா பீட்சா! பீட்சா!" எண்டு கத்தினால் பசியில இல்ல. திரும்புறதுக்கு, இடப்பக்கம் திரும்ப வலக்காலிலயும் வலப்பக்கம் திரும்ப இடக்காலிலயும் பாரத்தப் போடோணும், அவ்வளவுதான்.

எல்லாப் புது ஆக்களும் செய்யிற ஒண்டு, பயத்தில பின்னால சாயிறது. உடம்பு தானாப் பின்னுக்கு இழுக்கும், ஆனா பின்னால சாஞ்சால் ஸ்கீயின்ர நுனி பாரமில்லாமல் உங்கட சொல்லுக் கேளாது, வேகம்தான் கூடும். கணுக்காலுக்கு மேல எலும்பு சப்பாத்தின்ர நாக்கில அமந்துகொண்டிருக்கோணும், கை ரெண்டும் முன்னால, பார்வை தூரத்தில. காலைப் பாத்துக்கொண்டு ஓடாதேங்கோ, கால் அங்கதான் இருக்கு.

விழப்போறியள் எண்டால் பக்கவாட்டில குந்தி விழுங்கோ, கையப் பின்னால ஊண்டாதேங்கோ. எழும்பேக்க ஸ்கீ ரெண்டையும் கீழ்ப்பக்கத்தில சாய்வுக்குக் குறுக்கா வைச்சு, பிறகு கையால தள்ளி எழும்புங்கோ, வராட்டி மேல்பக்க ஸ்கீயக் கழட்டிப்போட்டு எழும்புங்கோ, ஒருத்தரும் சிரிக்காயினம், எல்லாரும் அப்பிடித்தான் தொடங்கினவை. தடியின்ர வார் கையில இறுக்கமா இருந்து விழுந்தால் பெருவிரல் சவ்வு கிழியும், பழகேக்க வாரக் கையில மாட்டாமல் பிடிக்கிறது நல்லம்.

மூண்டு மணிக்கு மேல ஓடாதேங்கோ. களைச்ச கால்தான் முறியும், "கடைசியா ஒருக்கா" எண்டு போறதிலதான் கனபேர் விழுகிறது.

படி 10: லிஃப்ற்

பெல்ற்றில ஒண்டுமில்ல, ஏறி நிண்டால் கொண்டுபோகும். புது ஆக்களக் கொல்லுறது பூகல்லிஃப்ற் எண்டுற இழுவைதான். தலைகீழான T எழுத்து மாதிரி ஒரு தடி வந்து பின்பக்கத்தில கொழுவும், ஆக்கள் அதைக் கதிரை எண்டு நினைச்சுக் குந்துவினம், குந்தின உடன நிலத்தில. குந்தக்கூடாது, நிண்டபடி அது தள்ள விடோணும், முழங்கால் கொஞ்சம் மடிஞ்சு, ஸ்கீ ரெண்டும் தடத்தில நேர. இடையில விழுந்தால் தடியப் பிடிச்சுக்கொண்டு தொங்காதேங்கோ, விட்டிட்டு உருண்டு தடத்துக்கு வெளிய போங்கோ, பின்னால ஆக்கள் வருகினம். கதிரை லிஃப்ற்றில பையக் கழட்டி மடியில வையுங்கோ, குந்தின உடன கம்பிய இறக்குங்கோ, சின்னப் பிள்ளை தெரிஞ்ச பெரியாள் ஒருத்தருக்குப் பக்கத்தில.

படி 11: பாதை நிறமும் றூல்சும்

நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம். நீலத்தில சாய்வு 25 வீதம் மட்டில, சிவப்பு 40 வரைக்கும். மஞ்சள் நிறத்தில குறி போட்ட பாதை மெசினால தட்டையாக்காதது, உங்களுக்கில்ல. கயிறு கட்டி மூடின பாதைக்குள்ள, குறி இல்லாத வெளிக்குள்ள ஒருத்தரும் இறங்கக்கூடாது, முக்கியமா பதினஞ்சு பதினாறு வயசுப் பெடியங்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கோ. புது ஸ்னோ பாக்க வடிவா இருக்கும், பனிச்சரிவு அதுக்குள்ளதான் கிடக்கு. டாவோஸில இருக்கிற எஸ்.எல்.எஃப். எண்ட பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் குளிர்காலம் முழுக்க ஆபத்து எவ்வளவெண்டு ஒண்டில இருந்து அஞ்சு வரைக்கும் படி போட்டு வெளியிடும்.

எஃப்.ஐ.எஸ். எண்ட உலக ஸ்கீச் சங்கம் 1967ல போட்ட பத்து றூல்ஸ் இருக்கு, இடிபட்டு கோட்டுக்குப் போனால் நீதிபதியும் அதைத்தான் எடுப்பார். எல்லாத்தையும் பாடமாக்கத் தேவையில்ல, இதைப் பிடியுங்கோ: முன்னால, கீழ ஓடுற ஆளுக்குத்தான் உரிமை, பின்னால வாறவர்தான் விலகோணும். வளைவில, ஒடுக்கமான இடத்தில நிக்காதேங்கோ, விழுந்தால் கெதியா ஓரத்துக்குப் போங்கோ, திருப்பி வெளிக்கிடேக்க மேல பாத்திட்டு வெளிக்கிடுங்கோ.

ஆரும் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தால், முதல்ல அவருக்குக் கொஞ்சம் மேல ரெண்டு ஸ்கீயக் குறுக்கா ஊண்டி மற்ற ஆக்களுக்குக் காட்டுங்கோ. பிறகு பாதை வரைபடத்தில இருக்கிற மீட்பு நம்பருக்கோ 144க்கோ அடிச்சு, பாதையின்ர பேரையும் ஓரத்துத் தடியில இருக்கிற நம்பரையும் சொல்லுங்கோ. சப்பாத்தக் கழட்டாதேங்கோ, குளிர விடாமல் மூடுங்கோ.

படி 12: சாப்பாடு

மலை உணவகத்தில நாலு பேர் சாப்பிட்டால் பில் கண்ணைக் கட்டும். கனக்க இடங்களில சாப்பாடு கொண்டுபோறவைக்குப் பிக்னிக் அறை இருக்கு. ரோல்ஸ், கட்லெற் குளிரில கல்லாகும், உள்பொக்கெற்றில வையுங்கோ. தெர்மோஸில பருப்பு ரசமோ பிளேன்ரீயோ. மரக்கறி ஆக்கள் கவனம், பார்லி சூப்பிலயும் அல்ப்ளர்மக்ரோனன் எண்டுற சீஸ் மக்ரோனியிலயும் பன்றி இறைச்சித் துண்டு போடுறது வழமை, ஓன ஸ்பெக் (பன்றி இறைச்சி இல்லாமல்) எண்டு கேளுங்கோ, சூப்பின்ர அடித்தண்ணி மாட்டிறைச்சியோ எண்டும் கேளுங்கோ. சிவராத்திரி பெப்ரவரி மார்ச்சிலதான் வரும், விரதக்காரர் இருந்தால் கலண்டரப் பாத்து அண்டைக்கு ஓடாமல் விடுங்கோ, வெறுவயித்தில ஸ்கீ வேண்டாம்.

படி 13: மூண்டாம் நாளும் அம்மம்மாவும்

மூண்டாம் நாள் எல்லாற்ற காலும் நோகும். அண்டைக்குப் பின்னேரம் ஸ்கீய விட்டிட்டுச் சறுக்குவண்டில் எடுங்கோ. கிளைன ஷைடெக்கில இருந்து கீழ வாற பாதையில பிரான்டெக் எண்ட ஸ்ரேசனுக்குப் பக்கத்தில ஒரு உணவகம், அங்க ஆப்பிள் வளையத்த மாவில தோய்ச்சுப் பொரிச்சுக் குடுப்பினம், அதுக்கெண்டே சனம் இறங்கும். றெயின் திருப்பி மேல கொண்டுபோகும். சறுக்குவண்டிலுக்கும் ஹெல்மெற் போடுங்கோ, அதிலயும் முறியிற ஆக்கள் குறைவில்ல.

அம்மம்மா அப்பப்பாவுக்குக் குளிர்கால நடைபாதை இருக்கு, அதின்ர பலகை ஊதாச் சிவப்பு நிறம். சப்பாத்துக்குக் கீழ மாட்டுற முள்ளு ஒரு சோடி வாங்கிக் குடுத்தால் ஆறுதலா நடந்து வந்து மத்தியானம் உங்களோட மேல சாப்பிடலாம், கேபிளில ஏற ஸ்கீ தேவையில்ல. றெயினில ஏறிப் பாக்கிற யுங்ஃப்ராவ்யோக் எண்ட மலை இடம் 3454 மீற்றர் உயரம், நெஞ்சு வருத்தம் உள்ளவை டொக்டரக் கேக்காமல் ஏறவேண்டாம், கைக்குழந்தையையும் கொண்டுபோகாதேங்கோ.

நாலாம் அஞ்சாம் நாள், வகுப்பு வாத்தியார் சரி எண்டால் மட்டும், வெயில் உள்ள காலமையில மென்லிகனுக்கு ஏறுங்கோ. மூடுபனியில ஏறாதேங்கோ, நிலமும் வானமும் ஒரே வெள்ளையாகி நிக்கிறியளோ ஓடுறியளோ எண்டே தெரியாது. மேல போய்ப் பாத்துப் பயம் வந்தால் திருப்பிக் கேபிளிலயே இறங்கலாம், அதுக்கு ஒருத்தரும் மார்க்குக் குறைக்காயினம்.

கடைசி நாள் வாடகைச் சாமான வெள்ளிக்கிழமை பின்னேரமே குடுத்திடுங்கோ, சனிக்கிழமை காலமை கடையில பெரிய லைன் நிக்கும், வீடும் பத்து மணிக்குள்ள விடோணும். உடுப்பு வாங்க நினைக்கிறவை இப்ப வாங்காமல் ஒக்டோபர் நவம்பர் மட்டும் பொறுங்கோ, அப்ப ஊர் ஊரா ஸ்கீபோர்ஸ எண்டு பழைய சாமான் சந்தை நடக்கும். பிள்ளையளுக்குச் சின்னனாப்போன ஜக்கெற்றையும் அங்கயே வித்துப்போட்டு வரலாம்.